கருவாட்டுக்காரி குழியில் படுத்த நாள்

வெரோனிக் கோனே இறந்துபோன செய்தி நியெலேவுக்குக் காலை ஆறு மணிக்கு வந்தது. போனில் பேசியவன் வெரோனிக்கின் மூத்த மகன் ழெரோம்.

"அத்தை, அம்மா போயிட்டாங்க. நேத்து மதியமே. லைனே கிடைக்கல. இன்னிக்கு மூணு மணிக்கு அடக்கம்."

"தோத்துட்டாளா?" என்றாள் நியெலே.

 ழெரோம் அழுகையோடு அழுகையாகச் சிரித்தான். "தோத்துட்டாங்க அத்தை."

முப்பது வருஷமாக அந்த இரண்டு பெண்களுக்கும் ஒரு பந்தயம். முதலில் சாகிறவள் தோற்றவள். ஜெயித்தவள் போய்த் தோற்றவளின் குழியில் படுத்துக்கொள்வாள். கேட்டதைக் கொடுத்தால்தான் எழுந்திருப்பாள். இது அவர்களாகக் கண்டுபிடித்த விளையாட்டு இல்லை. த்ராவோரே குலத்துக்குக் கோனே குலம் கேலி முறை. நியெலே த்ராவோரே என்ன திட்டினாலும் வெரோனிக் கோனேவுக்குக் கோபம் வரக் கூடாது. அவள் திட்டினால் இவளுக்கும் வரக் கூடாது. ஒருவர் மேல் ஒருவர் கையை ஓங்கக் கூடாது. சாவு வீட்டில் மற்றவர்கள் அழலாம், கேலி முறைக்காரர் அழக் கூடாது. செத்தவரைப் போல உடுத்தி, செத்தவரைப் போலப் பேசி, அழுகிறவர்களைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் போகவேண்டும். அவர்கள் வராத சாவை அநாதைச் சாவு என்பார்கள்.

இதில் ஒரே ஒரு சங்கடம். நியெலே இருந்தது மாலியில், நம்பெலா ஊரில். வெரோனிக் கிடந்தது ஐவரி கோஸ்டில், தெங்கோ ஊரில். இரண்டுக்கும் நடுவே முந்நூறு அடி மண்சாலை. சாலையின் இந்த முனையில் ஒரு தடுப்புக் கம்பம், அந்த முனையில் இன்னொன்று. இரண்டு தலைநகரங்களுக்கும் ஏதோ மனஸ்தாபம் என்று நாலு மாசமாக இரண்டும் கீழே இறங்கிப் பூட்டிக் கிடந்தன. பெரியவர்கள் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து முறைத்துக்கொள்வார்கள். வெயிலில் நிற்பது நாம்.

அன்று மே இருபத்தைந்து, ஆப்பிரிக்க தினம். அந்த நாளை இந்த இரண்டு ஊருக்கும் கொண்டுவந்தவளே வெரோனிக்தான். தெங்கோ பள்ளியில் சரித்திர ஆசிரியை. வருஷா வருஷம் இந்தத் தேதியில் இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் அந்த முந்நூறு அடிச் சாலையிலேயே உட்கார வைத்து, நீலக் குடையை மூன்று தடவை தரையில் தட்டிக் கேள்வி கேட்பாள். சரியாகச் சொன்னால் கைதட்டல். தப்பாகச் சொன்னால் நியெலேவின் கூடையிலிருந்து ஒரு கருவாட்டுத் தலையை மோந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிவிட்டு அந்தத் தலையை வறுத்துத் தின்பார்கள். மோப்தியிலிருந்து வரும் கருவாட்டை அந்தப் பக்கம் கொண்டுபோய் விற்பதுதான் நியெலேவின் பிழைப்பு.

"காராமணி தின்னி" என்று இவள் அவளை அழைப்பாள். கோனேக்களுக்கு அந்தப் பட்டம்தான். எவ்வளவு படித்திருந்தாலும் காராமணியைக் கண்டால் மானம் மரியாதை பார்க்க மாட்டார்கள், தின்றபிறகு வாயு நாற்றத்தில் பக்கத்தில் உட்கார முடியாது என்று த்ராவோரேக்கள் சொல்வார்கள். "கருவாட்டுக்காரி, காத்து உன் பக்கமா அடிக்குது, தள்ளி நில்லு" என்பாள் அவள்.

நியெலே அன்று அழவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து மஞ்சள் கவுனை எடுத்தாள். வெரோனிக் கொடுத்தது, இவளுக்கு எப்போதும் இறுக்கம். மூக்கில் கண்ணாடி இல்லாத கண்ணாடிச் சட்டம், காதிடுக்கில் சாக்பீஸ் துண்டு, கையில் ஒரு நீலக் குடை. வெளியே வந்ததும் சந்தைப் பெண்கள் பன்னிரண்டு பேர் அவளைப் பார்த்துவிட்டு விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள். ஒருத்தி வாயைப் பொத்தி அழ ஆரம்பித்தாள்.

"எனக்குத்தான் அழக்கூடாதுன்னு விதி, நீ தாராளமா அழு. ஆனா நடந்துகிட்டே அழு," என்றாள் நியெலே.

தடுப்புக் கம்பத்தடியில் பந்தல் போட்டிருந்தார்கள். வட்டார அதிகாரி சங்காரே மேடையில் நின்று தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். பூட்டிய கம்பத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆப்பிரிக்காவின் பிள்ளைகளைப் பிரிக்க எந்தச் சக்தியாலும் முடியாது என்று அவர் வாசித்தார். அதில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை என்பதுதான் வேடிக்கை. மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த வாத்தியார்களும் வியாபாரிகளும் விசிறிக்கொண்டார்கள். கம்பத்துக்கு அப்பால், அந்த முனையில், தெங்கோ ஜனங்கள் கறுப்புத் துணியோடு நிற்பது தெரிந்தது.

நியெலே நேராக மேடைக்கு முன்னால் வந்து குடையை மூன்று தடவை தட்டினாள்.

பிள்ளைகள் அத்தனை பேரும் பழக்க தோஷத்தில் எழுந்து நின்றுவிட்டார்கள். வாத்தியார்கள் இரண்டு பேர்கூட எழுந்தார்கள். அவர்களும் வெரோனிக்கிடம் படித்தவர்கள்தான்.

"யாரு அது?" என்றார் சங்காரே.

"என்னைத் தெரியல? நான் வெரோனிக் கோனே. நேத்துச் செத்துட்டேன். அதுக்குள்ள பாடத்தை மறந்துட்டீங்களான்னு பார்க்க வந்தேன்." குரல், இழுவை, மூக்கைச் சுளிப்பது எல்லாம் அப்படியே அவள். கூட்டத்தில் ஒரு விம்மலும் ஒரு சிரிப்பும் ஒன்றாகக் கிளம்பின. "முதல் கேள்வி. இன்னிக்கு என்ன நாள், எதுக்கு?"

"அடிஸ் அபாபாவுல நம்ம நாடுங்க ஒண்ணா உட்கார்ந்த நாள்!" பிள்ளைகள் கத்தினார்கள். "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூணு!"

"இத்தாலிக்காரன் பீரங்கியோட வந்து எங்க உதை வாங்கினான்?"

"அத்வா!"

"சிக்காசோ கோட்டையை பிரெஞ்சுக்காரன் உடைச்சப்போ ராஜா சரணடைஞ்சாரா?"

"இல்ல! செத்தாரு!"

"அவர் ஒரு த்ராவோரே. இதைச் சொல்லும்போதெல்லாம் அந்தக் கருவாட்டுக்காரி மூஞ்சியில வர்ற பெருமையை என்னால சகிக்க முடியாது." இதற்கு வாத்தியார் ஒருவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். நியெலே குடையை மேடைப் பக்கம் திருப்பினாள். "இது உங்களுக்கு, அதிகாரி ஐயா. எழுந்து நில்லுங்க. ஏற்கெனவே நின்னுகிட்டுதான் இருக்கீங்களா, சரி. பெர்லின்ல ஒரு மேசையைச் சுத்தி உட்கார்ந்து நம்ம நிலத்துல கோடு போட பேரம் பேசினாங்களே, அந்த மேசையில ஆப்பிரிக்கர் எத்தனை பேர்?"

சங்காரே கையிலிருந்த தாளைப் புரட்டினார்.

"சத்தமா!"

"ஒருத்தரும் இல்ல!" என்று பந்தலே பதில் சொன்னது.

"அவன் போட்ட கோட்டுக்கு நீங்க காவல். அங்க என்னைக் குழியில இறக்கப் போறாங்க. வழி விடுங்க."

சங்காரே தாளைக் கசக்கினார். "லெஃப்டினன்ட்! இந்தப் பொம்பளையைப் பிடிச்சு உள்ள வைங்க!"

கம்பத்தடியில் நின்ற லெஃப்டினன்ட் முன்னால் வந்தான். செகுவிலிருந்து இரண்டு நாள் முன்புதான் மாற்றலாகி வந்தவன். முப்பது வயதிருக்கும், நெடுநெடுவென்று இருந்தான். "அம்மா, எனக்கு உங்க வருத்தம் புரியுது. ஆனா உத்தரவு உத்தரவுதான். தயவுசெஞ்சு திரும்பிப் போங்க" என்றான்.

அப்போதுதான் நியெலே அவன் மார்பைப் பார்த்தாள். சட்டைப் பைக்கு மேலே ஒட்டியிருந்த துணிப் பட்டையில் பெயர் எழுதியிருந்தது. ஜாரா.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடப்பாவிகளா, எல்லைக்குக் காவலா ஒரு காராமணி தின்னியை அனுப்பியிருக்கானுங்க! டேய், காலையில எத்தனை கிண்ணம் தின்னே? தள்ளி நில்லு, கம்பம் துருப்பிடிச்சிடப் போகுது!"

சிப்பாய்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள், தோள்கள் மட்டும் குலுங்கின. லெஃப்டினன்டின் உதடும் துடித்தது. அடக்கிக்கொண்டான். "நீங்க த்ராவோரேவா?"

"பின்னே? உன்னை மாதிரி சந்தேகத்துல பொறந்தவளா?"

"அம்மா, செத்தவங்க கோனே. நான் ஜாரா. அவங்க வேற நாடு."

"எல்லைக்கு அந்தப் பக்கம் கோனே, இந்தப் பக்கம் ஜாரா. ரெண்டும் ஒரே குலம்னு உங்கம்மா சொல்லித் தரலையா? இந்தக் கோடு வர்றதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடியே நீங்க எல்லாரும் ஒரே சட்டியில தின்னவங்க. செத்தது உன் பெரியம்மாடா, முட்டாளே. உன் வீட்டுச் சாவுக்கு நான் வந்து நிக்கிறேன், நீ என்கிட்ட உத்தரவு பேசறே?"

 சங்காரே மேடையை விட்டே இறங்கிவந்துவிட்டார். "லெஃப்டினன்ட், நான் சொன்னது கேக்கலையா? இழுத்துட்டுப் போங்க!"

நியெலே சிரிப்பை நிறுத்தினாள். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினாள். இப்போது பேசியது வெரோனிக் இல்லை, அவளேதான்.

"தம்பி, உன்னைச் சங்கடப்படுத்த மாட்டேன். அந்தப் பட்டையைப் பிய்ச்சு என் கையில கொடு. நான் ஜாரா இல்லேன்னு இந்தப் பிள்ளைங்க முன்னாடி சொல்லு. அப்புறம் நீ யாரோ, நான் யாரோ. அடிக்கணும்னாலும் அடிக்கலாம், ஒரு தப்பும் இல்ல. நானும் ஒரு வார்த்தை பேசாம வீட்டுக்குப் போயிடறேன். ஆனா அந்தப் பேரை மார்ல வச்சுகிட்டு நீ என்னைத் தொட முடியாது."

பந்தலில் விசிறிகள் நின்றன. அவன் கை தன்னையறியாமல் அந்தப் பட்டைக்குப் போனது. ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்தான், ஒட்டுத்துணி சர்ரென்று கொஞ்சம் பிரிந்தது. நியெலே உள்ளங்கையை நீட்டினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. இவன் கொடுத்துவிட்டால் வெரோனிக் அநாதையாகப் போவாள், முப்பது வருஷமும் அவளோடு போகும். நீட்டிய கையை மட்டும் மடக்கவில்லை.

லெஃப்டினன்ட் அவளுடைய கையைப் பார்த்தான். பிறகு பட்டையை மறுபடியும் மார்போடு வைத்து அழுத்தி ஒட்டினான். இரண்டு தடவை தட்டிச் சரிபார்த்தான்.

"இது எங்கப்பா பேரு" என்றான். துப்பாக்கியைக் கழற்றிப் பக்கத்திலிருந்த சிப்பாயிடம் கொடுத்தான். "ஐயா, எங்க வீட்டுல சாவு. நான் போறேன். இவங்க என்கூட வர்றாங்க. நீங்க மேலிடத்துக்கு எழுத வேண்டியதை எழுதிக்குங்க. என் பேரைப் பிழையில்லாம எழுதுங்க."

சாவியைப் போட்டு அவனே கம்பத்தைத் தூக்கினான்.

முந்நூறு அடியை நியெலே குடையை விரித்துக்கொண்டு நடந்தாள். பின்னால் பன்னிரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிய லெஃப்டினன்ட். அந்த முனைக் கம்பம் அவள் போவதற்குள் மேலே போனது. தூக்கியவன் தெங்கோ போலீஸ் சார்ஜென்ட், தொப்பை போட்டவன்.

"உன் பேரு?" என்றாள்.

"கோனே."

"இன்னொண்ணா! ஆண்டவனே, இன்னிக்கு எனக்கு மூச்சு முட்டியே சாவு!"

"சீக்கிரம் வா கருவாட்டுக்காரி," என்றான் அவன். கண்கள் வீங்கியிருந்தன. "டீச்சர் எழுதி வச்சுட்டுப் போயிருக்காங்க. நீ வராம குழியில இறக்கக் கூடாதாம். எத்தனை நாள் ஆனாலும் சரியாம். 'நாத்தம் எல்லையைத் தாண்டி அவ மூக்குக்குப் போகட்டும், வருவா'ன்னு எழுதியிருக்காங்க."

நியெலே குடையை மடக்கினாள். பிறகு, "சாகும்போதும் புத்தி மாறல பாரு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தாள்.

மாதா கோயிலுக்குப் பின்னால் செம்மண்ணில் குழி வெட்டியிருந்தது. பெட்டி பக்கத்தில் காத்திருந்தது. நியெலே யாரையும் பார்க்கவில்லை. குடையை ழெரோமிடம் கொடுத்தாள், மஞ்சள் கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கிக் கையைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.

"ஜெயிச்சவ நான்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இடம் வசதியா இருக்கு. நானே இருந்துக்கறேன். அவளை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க, காராமணி வேக வச்சுக் கொடுங்க!"

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். ழெரோம் முறைப்படி விளிம்பில் மண்டியிட்டான். "அத்தை, எழுந்திருங்க. என்ன வேணும், கோழியா? கோலாக் கொட்டையா?"

"கோழி எவனுக்கு வேணும்? காராமணி தின்னிங்க ரெண்டு பேரையும் கூப்பிடு."

லெஃப்டினன்டும் சார்ஜென்டும் விளிம்பில் வந்து நின்றார்கள்.

"அந்த ரெண்டு கம்பமும் பொழுது சாயுற வரைக்கும் மேலேயே நிக்கணும். இவகிட்ட படிச்சவன் ரெண்டு ஊர்லயும் இருக்கான். ஒவ்வொருத்தனும் வந்து ஒரு பிடி மண்ணு போடணும். அவங்க வந்து சேர்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வேலை போகலாம், அதற்கு மேலும் போகலாம். சார்ஜென்ட் முதலில் போனை எடுத்தான். லெஃப்டினன்டும் எடுத்தான். இரண்டு பேரும் ஒரே சமயத்தில், "தூக்கின கம்பத்தை இறக்காதே" என்று சொன்னார்கள்.

ரொம்ப நேரம் ஆகவில்லை. படுத்திருந்த நியெலேவுக்கு நீளச் சதுரமாகக் கொஞ்சம் வானம்தான் தெரிந்தது. முதுகுக்கு அடியில் மண் லேசாக அதிர ஆரம்பித்தது. பிள்ளைகள் ஓடிவருகிற காலடிகள். நம்பெலா முழுக்கவே கிளம்பியிருக்க வேண்டும். யாரோ பள்ளிப் பாட்டைப் பாடினார்கள், அந்தப் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். வெரோனிக் சொல்லிக்கொடுத்த பாட்டு.

கேலி முறைக்காரி அழக் கூடாது. ஆனால் குழிக்குள் அவள் முகத்தை யார் பார்க்கப் போகிறார்கள்? எல்லாரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நியெலே கண்களை மூடாமலே அழுதாள், சத்தமில்லாமல், கண்ணீர் காதுக்குள் வழிந்து போகிற வரை அழுதாள்.

கடைசியில் லெஃப்டினன்டும் ழெரோமும் ஆளுக்கு ஒரு கை கொடுத்து அவளை மேலே தூக்கினார்கள். செம்மண் அப்பிய கன்னத்தில் இரண்டு கோடு ஈரமாகத் தெரிந்தது. லெஃப்டினன்ட் அதைக் கண்டுவிட்டான்.

"அத்தை, அழுதீங்களா?"

நியெலே அவன் மார்பிலிருந்த பட்டையில் விரலால் குத்தினாள்.

"ரெண்டு காராமணி தின்னிங்க மேலேயே நின்னுகிட்டிருந்தீங்களே. கண்ணு எரியாம என்ன பண்ணும்?"