மிச்சமிருப்பது ஓரப்பட்டை

...இதோ, வீட்டுக்காரர் திரும்பவும் விரலை நாக்கில் தொட்டுக்கொண்டுவிட்டார், அதே விரலால் கதவோரத்தில் அடிக்கிற ஓக் பட்டையைத் தேய்க்கிறார், ஈரம் பட்ட இடம் தேன் நிறத்துக்கு மாறுகிறது, பாலிஷ் போட்டா இப்படித்தான் வரும் பாரு என்று என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார், உவ்வே... பாலிஷா அது, எச்சில். இதற்கு முன் எத்தனை பேர் இதே மாதிரித் துண்டில் எச்சில் தடவிப் பார்த்தார்களோ, அந்த விரல் மறுபடி நாக்குக்கே போகிறது, இந்த மனிதரோடுதானா நான் ஒரு காலத்தில் ஒரே டம்ளரில் குடித்தேன்? கடை முழுக்க வார்னிஷ் நெடி, தொண்டையில் பசை மாதிரி ஒட்டுகிறது. கடைக்காரருக்கு எதுவும் உறைக்கவில்லை, "சார் மரம் வாங்க வந்தாரா, தத்தெடுக்க வந்தாரா மேடம்?" என்று தொப்பை குலுங்கச் சிரிக்கிறார், சிரிக்கும்போது அவர் பல்லிடுக்கில்... ஐயோ, அதைப் போய் நான் ஏன் பார்த்தேன்.

வளைவு வைத்த பட்டை வேண்டாம், அழுக்கு அடையும். நீளப் பள்ளம் ஓடுகிறதே, அதுவும் வேண்டாம், எறும்பு குடித்தனம் நடத்தும். பூவும் கொடியுமாகச் செதுக்கியது, சீ, சவப்பெட்டி ஞாபகம். கதவு நிலையைச் சுற்றி அடிக்கவும், சுவரும் தரையும் சேருகிற இடுக்கை மூடவும் ஒரு பட்டை, அவ்வளவுதானே, அதற்கு ஏன் எதைப் பார்த்தாலும் எனக்குக் குமட்டுகிறது? காலையில் தச்சர் போனில் சொன்னார், "இன்னிக்கு மரத்தைச் சொல்லலைன்னா நான் வேற வேலைக்குப் போயிடுவேம்மா, இதை அடிச்சிட்டா உங்க வீடு முடிஞ்சுது." முடிஞ்சுது... மகள் வேலை கிடைத்து வெளியூர் போனபிறகு நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதெல்லாம் கட்டிக்கொண்டிருக்கிற இந்த வீட்டைப் பற்றித்தான். தரை ஓடு, குழாய், சுவிட்ச், ஜன்னல் கம்பி. சாப்பாட்டு மேஜையில் வரைபடத்தை விரித்தால் பேச்சு வரும், சண்டைகூட வரும், மடித்து வைத்தால் இரண்டு கரண்டிச் சத்தம் மட்டும். பட்டை அடித்து முடித்த மறுநாள் இவர் எதிரில் உட்கார்ந்து நான் என்ன பேசுவேன்? மாத்திரை போட்டீங்களா என்பேன், ம் என்பார். மழை வரும்போல இருக்கு என்பேன், அதற்கும் ஒரு ம். மூக்கால் விடுகிற அந்த ம்... நினைத்தாலே எழுந்து ஓடத் தோன்றுகிறது. பயமாக இருக்குமோ? இல்லை, அருவருப்புதான், அருவருப்பாகவே இருக்கட்டும், அதில் ஒரு கௌரவமாவது இருக்கிறது.

போதும், எப்படியும் ஒருநாள் முடியத்தானே வேண்டும். "ஏங்க, வேலைப்பாடே இல்லாத இந்த மொட்டைப் பட்டையே இருக்கட்டும், பில் போடச் சொல்லுங்க." சொல்லிவிட்டு அவரைப் பார்த்தால், சந்தோஷப்படவில்லை, முகம் சட்டென்று தொங்கிப்போகிறது. பட்டையை வாங்கி விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடிக்கிறார், "அவசரப்படாதம்மா. இதுல கருமுடிச்சு இருக்கு பாரு. நாளைக்கு அந்த இடத்துல வெடிச்சிடும்." எங்கே என்கிறேன். "இங்க." கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிகிறார், "சார், அது உங்க கட்டைவிரல் நிழல் சார்." இவர் விரலை எடுக்கவே இல்லை. "இன்னொரு கடை பாத்துட்டு வரலாமா?" என்கிறார் என்னிடம், மெதுவாக, பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடக் கேட்கிற பிள்ளை மாதிரி. கதவுக் கைப்பிடி வாங்கும்போதும் எனக்குத் தெரியாத ஏதோ கீறலைக் கண்டுபிடித்தாரே, தரை ஓட்டில் நிறபேதம் என்று பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பினாரே, சரியான நச்சு மனுஷன் என்று மகளிடம்கூடச் சொல்லிச் சிரித்தேனே... அதெல்லாமும் இப்படி இல்லாத குறைதானா? அப்படியானால் வீடு முடிந்த மறுநாளின் அந்த ம், அது எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று எப்படி நினைத்தேன்? வார்னிஷ் நெடி குறையவில்லை, அவர் சட்டைக் காலரில் வியர்வைக் கறை, அதைப் பார்க்க இப்போதும் முகம் சுளிக்கத்தான் செய்கிறது. சுளித்தபடியே பட்டைமேல் குனிகிறேன். மாசு மறு இல்லாத மரம்.

"முடிச்சுதாங்க," என்கிறேன், "இந்தப் பக்கமும் ஒண்ணு இருக்கு."