திங்கட்கிழமைக் குரல்

இடுப்பில் பிடித்த வலி முழங்கால் வழியாக இறங்கிக் கணுக்காலில் குடியேறிவிட்டது. வாரத்துக்கு எட்டு ஆட்டம். ஒவ்வோர் ஆட்டத்திலும் குதிகால் உயர்ந்த பூட்ஸோடு மரப்படியில் ஓடி ஏறி, சாராயக்கடை மேசைமேல் குதித்து நின்று பாட வேண்டும். டெல்ஃபினா மெடைரோஸுக்கு வயது ஐம்பத்தொன்று. விளம்பரத் தாளில் நாற்பத்திரண்டு.

வலியைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. வேலை செய்கிற உடம்பு வலிக்கும், அவ்வளவுதான். நியூ பெட்ஃபோர்டில் மீன் அறுக்கும் கொட்டகையில் அவள் அம்மா ஆயுசு முழுக்கப் பனிக்கட்டித் தண்ணீரில் நின்றாள். அவளும் பதினான்கு வயதிலிருந்து அம்மா பக்கத்தில் கத்தியோடு நின்றவள்தான். பஸ் ஏறி நியூயார்க் வந்து, கோரஸ் வரிசையின் கடைசியில் கால் தூக்கி ஆடி, வேலை இல்லாத வருஷங்களில் உணவு விடுதிகளின் நிலவறையில் முள்கரண்டிச் சத்தத்துக்கு நடுவே பாடிப் பிழைத்து, ஒருவழியாகப் பெயர் பெரிதாகப் போடும் வேஷம் கிடைத்தது இந்த வயதில். துறைமுகச் சாராயக்கடைக்காரி வேஷம். ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. நீட்டிப்பார்களா, அனுப்பிவிடுவார்களா என்பது தொண்டையைப் பொறுத்தது.

அந்தத் தொண்டைதான் இப்போது சதி செய்தது. இரண்டாம் பாதியில், தான் துரத்திவிட்ட மாலுமியை நினைத்து அவள் பாடும் பாட்டு. கடைசி வரியில் உச்சத்தில் ஒரு நீண்ட ஸ்வரம். டிக்கெட் வாங்குகிறவர்கள் அதற்குத்தான் வாங்குகிறார்கள். சில வாரங்களாக அது பழந்துணி மாதிரி கிழிந்து வந்தது.

தொண்டை கெட்டுப்போயிற்று என்றால் ஒத்துக்கொண்டிருப்பாள். ஆனால் திங்கட்கிழமை ஆட்டம் கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் பழைய நிலவறையில், எமில் ஷாக்டரின் பியானோவுக்குப் பக்கத்தில் நின்று அதே பாட்டைப் பாடுவாள். அங்கே அந்த ஸ்வரம் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வரும். திங்கட்கிழமை வருவது செவ்வாய்க்கிழமை வரவில்லை என்றால், கோளாறு தொண்டையில் இல்லை. தியேட்டரில் எவரோ ஏதோ செய்கிறார்கள். அவள் போட்ட கணக்கு இதுதான். அதில் ஓட்டை இருப்பதாக அவளுக்குப் படவில்லை.

மார்லா ஃபின்ச் படிக்கட்டில் எதிர்ப்பட்டாள். மாற்று நடிகை. டெல்ஃபினா படுத்தால் எழுந்து நிற்க வேண்டியவள்.

"எப்படி இருக்கீங்க? தொண்டை பரவாயில்லையா?"

"ஏன், நல்லா இல்லேன்னு யாராவது சொன்னாங்களா?"

"ஐயோ, சும்மாதான் கேட்டேன்."

"சும்மா கேக்கறதுக்கு மழை, வெயில்னு எவ்வளவோ இருக்கு. அதைக் கேளு."

மார்லா சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பை டெல்ஃபினா புரட்டிப் புரட்டிப் பார்த்தாள், மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பது போல.

உடை மாற்றிவிடுகிறவள் ஓபல் டிஸ்டேல். ஹார்லெம்காரி. டெல்ஃபினாவைவிட நாலைந்து வயது மூத்தவள். பதினொரு வருஷமாக எந்த நாடகத்துக்குப் போனாலும் கூடவே வருகிறவள். இருட்டில், ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் ஓர் உடுப்பை உரித்து இன்னொன்றை மாட்டிவிடுவாள். மரப்பட்டையும் தேனும் போட்டுக் கஷாயம் வைத்து, பிளாஸ்கில் ஊற்றி மேடை ஓரத்தில் வைப்பவளும் அவள்தான்.

ஒரு நாள் ஓபலும் மார்லாவும் படிக்கட்டில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். டெல்ஃபினாவைக் கண்டதும் நிறுத்தினார்கள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல டெல்ஃபி. மார்லாவோட நாய்க்குட்டி டைரக்டர் தொப்பியில ஒண்ணுக்குப் போயிடுச்சாம்."

டெல்ஃபினாவும் சிரித்தாள். நம்பவில்லை. கிறிஸ்துமஸுக்கு மார்லா ஓபலுக்கு ஒரு கம்பளிச் சால்வை கொடுத்தது நினைவுக்கு வந்தது. என் ஆளுக்கு இவள் எதற்குச் சால்வை கொடுக்கிறாள்? அன்றைக்குக் கஷாயம் ஒரு மாதிரி கசந்தது. மறுநாளும் கசந்தது. கசக்கிறதா என்று தேடிக் குடித்தால் எதுவும் கசக்கும். அவள் அப்படி நினைக்கவில்லை.

உதட்டுச் சாயத்தை எடுத்து, பிளாஸ்கின் மூடியிலும் கழுத்திலும் சேர்ந்தாற்போல ஒரு கோடு இழுத்தாள். இடைவேளையில் வந்து பார்த்தாள். மூடியின் கோடு ஒரு பக்கம், கழுத்தின் கோடு இன்னொரு பக்கம்.

அடுத்த நாள் அரைமணி அழைப்பு நேரம். திரை தூக்க அரைமணிக்கு முன்னால் எல்லோரும் பின்வாசல் அறிவிப்புப் பலகையில் கையெழுத்துப் போட வேண்டும். ஒருத்தர் விடாமல் வந்து நிற்கிற நேரம் அது ஒன்றுதான். மேடை மேலாளர் டோலன் பலகை அருகில் நின்றார். டெல்ஃபினா பிளாஸ்கைத் தூக்கிக் காட்டினாள்.

"இவ இதுல எதையோ கலக்குறா."

ஓபலுக்கு முதலில் புரியவில்லை. "கலக்குறேனா? ஆறிப்போச்சேன்னு சுடுதண்ணி ஊத்தினேன், கண்ணு."

"மூடியை யாரைக் கேட்டுத் திறந்த?"

"பதினோரு வருஷமா உன் உள்பாடிக் கொக்கியையே கேக்காமத்தான் திறக்கறேன். மூடிக்குப் போய் மனு குடுக்கணுமா?"

கோரஸ் பையன் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அந்தச் சிரிப்பு இல்லாமல் இருந்திருந்தால் டெல்ஃபினா அதோடு நிறுத்தியிருக்கக்கூடும்.

"மார்லா உனக்கு என்ன குடுத்தா? சால்வை மட்டும்தானா?"

மார்லாவின் முகம் வெளுத்தது. ஓபல் கழுத்தில் தொங்கிய ஊசிப்பையை மெதுவாகக் கழற்றினாள்.

"டெல்ஃபினா, ஆட்டம் முடியட்டும், பேசிக்கலாம்" என்றார் டோலன்.

"அவ இருந்தா நான் இல்ல. வெளியில நிக்கிற வரிசை எனக்கா அவளுக்கா, நீங்களே பாருங்க."

வரிசை யாருக்கு என்று டோலனுக்குத் தெரியும். ஓபல் ஊசிப்பையைப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். அவளோடு அந்தப் பேச்சும் வெளியே போயிற்று. நடிகையின் தொண்டையில் கை வைத்தவள் என்று பெயர் வாங்கினவளை அந்த வட்டாரத்தில் எந்தத் தியேட்டரும் உள்ளே விடாது.

டெல்ஃபினா தன் கஷாயத்தைத் தானே வைத்துக்கொண்டாள். பிளாஸ்கைப் பெட்டியில் பூட்டி, சாவியை மார்புக்குள் போட்டுக்கொண்டாள். ஸ்வரம் அப்போதும் கிழிந்தது. வாத்தியக்குழு நடத்துகிறவன் வேண்டுமென்றே இழுக்கிறான் என்று தோன்றியது. அறையின் நீராவிக் குழாயை எவனோ திருகிவிடுகிறான் என்று தோன்றியது. புதிதாக வந்த உடைக்காரி பேசவே மாட்டாள். பேசாதவள் எதை ஒளிக்கிறாள் என்று தோன்றியது. தயாரிப்பாளர் அடுத்த வாரம் ஆட்டம் பார்க்க வருவதாக டோலன் சொன்னார். அதை ஏன் சன்னமான குரலில் சொன்னார் என்று அது வேறு சந்தேகம்.

அந்தத் திங்கட்கிழமை எமிலுக்குக் காய்ச்சல். நோரீன் என்று ஒரு நடுவயதுப் பெண்ணை அனுப்பியிருந்தார். மத்தியானம் நிலவறையில் ஒத்திகை. பரிசாரகன் மேசைகளில் முள்கரண்டிகளைப் பரப்பிக்கொண்டிருந்தான். நோரீன் பியானோ இருக்கைப் பெட்டிக்குள் இருந்த ஸ்வரக் குறிப்புக் காகிதங்களை எடுத்து விரித்தாள்.

"இதுல எழுதியிருக்கற சுதிதானே?"

"வேற எந்தச் சுதி? தியேட்டர்ல என்னவோ அதேதான் இங்கயும்."

டெல்ஃபினாவுக்கு ஸ்வரக் குறிப்பு படிக்கத் தெரியாது. எல்லாம் காதால் பிடித்ததுதான். பாடினாள். கடைசி வரியில் ஏறினாள். கிழிந்தது. பரிசாரகன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டான்.

"நீ ஏத்தி வாசிக்கிற."

"ஏத்தலையேம்மா."

"எமில் வாசிச்சா இப்படி வராது. உன்னை யார் அனுப்பினா? மார்லாவா?"

"மார்லா யாரு?" நோரீன் கையைக் கட்டையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவர் எப்படி வாசிப்பாரோ எனக்குத் தெரியாது. காகிதத்துல இருக்கறது இதான். வேணும்னா இறக்கிப் பாக்கலாம், கோவிச்சுக்காதீங்க."

அரைக் கட்டை இறக்கினாள். கிழிந்தது. இன்னும் அரைக் கட்டை இறக்கினாள்.

வந்தது. நிறைந்து, வழுக்கிக்கொண்டு, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்த மாதிரியே வந்தது. டெல்ஃபினா பாட்டை முடிக்காமல் மேலங்கியை எடுத்துக்கொண்டு படி ஏறினாள்.

எமில் கட்டிலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

"யோவ் எமில், எவ்வளவு நாளா இறக்கி வாசிக்கிற?"

கிழவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். "போன ஈஸ்டருக்கு அரைக் கட்டை. இலை கொட்டற சமயத்துல இன்னொரு அரை."

"ஏன்யா என்கிட்ட சொல்லல?"

"இதையெல்லாம் யாரு சொல்லுவா ராணி? வயசு ஏற ஏற எல்லாப் பாட்டுக்காரிக்கும் பியானோக்காரன் இறக்கத்தான் செய்வான். அவங்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி பாடுவாங்க. இவனும் இறக்காத மாதிரி வாசிப்பான். அதான் மரியாதை. நான் இறக்கின அன்னிக்கு நீ என்னைப் பாத்துக் கண்ணடிச்சியே. சரி, உனக்குப் புரிஞ்சுடுச்சுன்னு நினைச்சேன்."

"கண்ணடிக்கல. விளக்கு கண்ணைக் கூசுச்சு."

எமில் கரண்டியை மறுபடி எடுத்தார். ஓபலுக்கு நடந்தது அவருக்குத் தெரியாது. டெல்ஃபினா சொல்லவும் இல்லை.

தெருவில் நடக்கும்போதும் மனசு சும்மா இருக்கவில்லை. கிழவன் நிஜமாகவே மரியாதைக்குத்தான் செய்தானா? இல்லை, கூட்டம் குறைந்தால் தன் பிழைப்பும் போகும் என்று செய்தானா? நாலு சந்து தாண்டுவதற்குள் அந்தச் சந்தேகம் தானாகவே செத்துப்போயிற்று. மிச்சம் இருந்தது ஒன்றுதான். கஷாயத்தில் ஒன்றும் இல்லை. தொண்டைதான் போய்விட்டது. தியேட்டரில் சுருதியை இறக்கச் சொல்லலாம். சொன்னால் வாத்தியக்காரர் ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதுகிறவனிலிருந்து தயாரிப்பாளர் வரைக்கும் தெரிந்துவிடும். அதைவிட மேடையில் நின்று பல்லைக் கழற்றிக் காட்டலாம்.

ஓபல் ஹார்லெமில் ஒரு சலவைக்கூடத்தில் ஓட்டல் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள் என்று பழைய முகவரியில் சொன்னார்கள். உள்ளே நீராவி மூச்சை அடைத்தது. ஓபலின் முன்கை முழுக்கச் சிவப்புச் சூட்டுத் தழும்புகள். டெல்ஃபினாவைப் பார்த்தாள். கை நிற்கவில்லை.

"தப்பு என்னோடது ஓபல். என் தொண்டைதான் போச்சு. நீ எதையும் கலக்கல."

"நான் கலக்கலேன்னு எனக்குத் தெரியாதா? அதைச் சொல்றதுக்கா இவ்வளவு தூரம் வந்த?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எங்க நின்னு என்னைச் சொன்ன?"

டெல்ஃபினா மேலங்கிப் பொத்தானைத் திருகினாள்.

"பலகை முன்னாடி. அத்தனை பேரும் நிக்கறப்போ. அங்க போய் நின்னு சொல்லு. இங்க இந்த விரிப்புங்கதான் கேக்குது. இதுங்க என்னைத் திரும்ப எந்தத் தியேட்டர்லயும் சேத்துக்காது."

"டோலன்கிட்ட தனியா சொல்லிடறேன். உன் வேலை திரும்ப வந்துடும்."

"பழி ஊரறிய, வேலை மட்டும் திருட்டுத்தனமாவா? போ டெல்ஃபி."

"அங்க சொன்னா என் குரல் போச்சுன்னு நானே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். இந்த மாசக் கடைசியில ஒப்பந்தம். என் வேலை போயிடும்டி."

ஓபல் விரிப்பை உதறி மடித்தாள். "போகும்தான். எனக்குப் போச்சே."

மறுநாள் அரைமணி அழைப்பில் எல்லோரும் கூடி நின்றார்கள். கோரஸ் பிள்ளைகள், வாத்தியக்காரர்கள், மார்லா, பேசாத உடைக்காரி. தயாரிப்பாளர் நாலாவது வரிசையில் உட்கார்ந்துவிட்டார் என்று டோலன் சொன்னார். டெல்ஃபினா பேனாவைக் கையில் பிடித்தபடி பலகைக்கு எதிரே நின்றாள். நாக்கு நுனியில் ஓபலின் பெயர் இருந்தது.

"டோலன்."

எல்லோரும் திரும்பினார்கள். மார்லாவும் திரும்பினாள்.

"என்னம்மா?"

"என் அறையில சூடு பத்தல. ஆளை அனுப்புங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு மேலே போனாள்.

அன்றைக்கு அந்த உச்ச ஸ்வரத்துக்கு அவள் ஏறவே இல்லை. அந்த இடத்தில் குரலை அடக்கிவிட்டு, மேசைமேல் முழங்காலிட்டு, கடைசி வரியைப் பேச்சாகவே, மூச்சுக் காற்றாகச் சொன்னாள். முழங்கால் உயிர் போகிற மாதிரி வலித்தது. சபை எழுந்து நின்று கைதட்டியது. தயாரிப்பாளர் பின்வாசல் வரை வந்து, "இத்தனை நாளா இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தே?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். மார்ச் கடைசியில் ஒப்பந்தத்தை இன்னொரு வருஷத்துக்கு நீட்டினார்கள்.

ஓபல் டிஸ்டேல் இன்னும் ஓட்டல் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறாள். டெல்ஃபினா மெடைரோஸ் அவளுக்குத் தர வேண்டிய பாக்கி ஒன்றுதான்: அறிவிப்புப் பலகை முன்னால், எல்லோரும் கேட்க, "ஓபல் எதையும் கலக்கவில்லை, போனது என் குரல்" என்ற பேச்சு. அதை அவள் இன்னும் சொல்லவில்லை.