மூன்றாவது பாக்கெட்

பதாகையை நான்காக மடித்து ஒரு மளிகைக்கடைப் பையில் திணித்துக்கொண்டு தலைவர் தையல் கடைக்குள் நுழைந்தபோது, தையலக்கா யாரோ ஒரு மாப்பிள்ளையின் கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அளவெடுத்த நாளுக்கும் கல்யாண நாளுக்கும் நடுவில் மாப்பிள்ளை நான்கு விரல் பெருத்திருந்தார். சந்தோஷம் என்றால் அப்படித்தான், உடம்பில் ஏறிவிடும்.

"அக்கா, நாளைக்கு நூறு" என்றார் தலைவர். பையை மேஜைமேல் வைத்தார். "பாக்கெட் ரெண்டுதான் இருக்கு. இன்னொண்ணு தைக்கணும்."

சொல்லிவிட்டு, தானே ஏதோ தப்புப் பண்ணியவர்போலக் கழுத்தைச் சொறிந்தார். தலைவர் என்பது பட்டப்பெயர்தான். ஒரு குடோனில் பெட்டி தூக்கும் வண்டி ஓட்டுகிறவர். சொந்த ஊரில் போர் தொடங்கிய வாரம், இந்த நாட்டு ரயில் நிலையத்துக்கு முன்னால் ஊர்க்காரர்கள் எல்லாரும் கூடி, ஒலிபெருக்கியை யார் பிடிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் இவர் கையை நீட்டிவிட்டார். அன்றைக்குப் பிடித்த சனி இன்னும் விடவில்லை. தையலக்காவுக்கும் பெயர் வந்த கதை அதேதான். பதாகையைத் தைத்தவள் அவள்.

அதைத் தைத்தது வீட்டுச் சாப்பாட்டு மேஜையில். வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றை இரட்டையாக மடித்து, கறுப்புத் துணியில் எழுத்துகளை வெட்டி, இந்த நாட்டு மொழியில் 'போரை நிறுத்துங்கள்' என்று ஒட்டுத்தையல் போட்டாள். அதற்குக் கீழே 'நாள்' என்ற சொல். அதன் பக்கத்தில் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் இரண்டு பாக்கெட். எண் எழுதிய அட்டைகளைத் தினமும் அதில் செருகி மாற்றிக்கொள்ளலாம். பஸ் ஓட்டிவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்த அவள் கணவன், தட்டு வைக்க இடமில்லாத எரிச்சலில், "ரெண்டு பாக்கெட் எதுக்கு? பத்து நாளைக்கு மேலயா இழுக்கப்போகுது?" என்று கேட்டான். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க" என்றாள் அவள். உள்ளுக்குள் அவளுக்கும் அதே எண்ணம்தான். மூன்று பாக்கெட் வைக்கத் துணியில் தாராளமாக இடம் இருந்தது. ஆனால் மூன்று வைத்தால் நாமே வாய்தா கொடுத்த மாதிரி ஆகிவிடுமே என்று பயந்தாள். அதனால் 'நாள்' என்ற சொல்லை நட்டநடுவில் பெரிதாகப் போட்டு இடத்தை அடைத்துவிட்டாள். இருபது வருஷமாக ஊரார் உடம்புக்கெல்லாம் பின்னால் பெருக்கும் என்று மடிப்பில் துணி விட்டுத் தைக்கிறவள், இதற்கு மட்டும் விடவில்லை.

முதல் நாள் நானூறு பேர் வந்தார்கள். இப்போது முப்பது பேர் வந்தால் அதிகம். தினமும் மாலை ஆறு மணிக்கு அரை மணி நேரம் நிற்பார்கள். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு ஓடுவார்கள். சிலர் நின்று படிப்பார்கள், ஒரு பெண்மணி தவறாமல் நெஞ்சில் கைவைத்து உச்சுக் கொட்டிவிட்டுப் போவாள். ஒரு பெரியவர் வாரத்துக்கு இரண்டு தடவை வந்து, இது எந்த நாட்டுப் போர், போன தடவை செய்தியில் வந்ததா அல்லது அதற்கு முன்னால் வந்ததா என்று அக்கறையாகக் கேட்பார். தலைவர் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்வார். கேட்டுவிட்டுப் பெரியவர், "ரெண்டு பக்கமும் உட்கார்ந்து பேசணும்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிடுவார். அவரைத் திட்ட முடியாது. அதற்குமேல் அவரிடம் என்னதான் இருக்கிறது? இவர்களிடமும் ஒரு படுக்கை விரிப்புதான் இருந்தது.

தையலக்காவின் தம்பி அந்த ஊரில் மாட்டிக்கொண்டிருந்தான். அவன், அவன் பெண்டாட்டி, மூன்று வயதில் ஒரு பெண்குட்டி. கரண்டு போய் ஒரு மாதம். நாலு நாளைக்கு ஒருமுறை, பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டி ஏணியில் பாதி தூரம் ஏறி நின்றால் அவன் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். எடுத்த எடுப்பில் கேட்பான்: "அக்கா, எங்க நிலவரம் என்ன?" குண்டு விழுகிற ஊரில் இருக்கிறவன், விழாத ஊரில் இருக்கிறவளிடம் கேட்டான். அவளும் டிவியில் பார்த்தது, போனில் படித்தது, தலைவர் சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து, அவன் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி என்ன நடக்கிறது என்று அவனுக்கே சொல்வாள். சொல்லச் சொல்ல அவளுக்கு ஒரு தெம்பு வரும். தம்பிக்கு ஏதோ செய்கிறோம் என்ற தெம்பு.

தொண்ணூற்றொன்றாம் நாள், புதன்கிழமை, அவன் அப்படித்தான் கூப்பிட்டான்.

"அக்கா, நாளைக்குக் காலைல லாரி ஒண்ணு கிளம்புது. ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுறாங்களாம். பக்கத்து வீட்டு டீச்சர் குடும்பம் ஏறுது. எங்களையும் கூப்பிடுறாங்க. ஏறட்டுமா?"

"குட்டி எப்படி இருக்கா?"

"ரெண்டு நாளாக் காய்ச்சல். வழியில சுடுறாங்கன்னும் சொல்றாங்க. ஒண்ணும் புரியலக்கா. அங்க என்ன சொல்றாங்க, நிப்பாட்டுவாங்களா?"

வெள்ளிக்கிழமை உலக நாடுகள் எல்லாம் கூடுகிற பெரிய சபையில் போர்நிறுத்தத்துக்கு ஓட்டெடுப்பு. ரயில் நிலையத்தில் ஒரு வாரமாக அதே பேச்சு. எந்த நாடு கை தூக்கும், எது தூக்காது என்று தலைவர் விரல்விட்டு எண்ணிக் காட்டியிருந்தார்.

"வெள்ளிக்கிழமை நிச்சயமா நிக்கும்டா" என்றாள் தையலக்கா. "எல்லா நாடும் சேர்ந்து சொல்லுது. ரெண்டே நாள், பல்லைக் கடிச்சுட்டு இரு. காய்ச்சக்காரப் புள்ளையத் தூக்கிட்டு லாரில ஏறாத."

"நிச்சயமாக்கா?"

"நிச்சயம்."

"நீ சொன்னாச் சரி" என்றான்.

வெள்ளிக்கிழமை ஓட்டெடுப்பு ஜெயித்தது. ரயில் நிலையத்து முன்னால் அன்றைக்கு இருநூறு பேர் கூடிவிட்டார்கள். தலைவர் ஒலிபெருக்கியை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார், அது தெரு முழுக்கக் கேட்டது. முன்பின் தெரியாத ஒரு பெண் தையலக்காவைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். தையலக்கா வீட்டுக்கு வந்து பதாகையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, அலமாரியின் அடியில் வைத்தாள். எழுத்துகளைப் பிரித்துவிட்டால் மறுபடி விரிப்பாகவே போட்டுக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தாள். தம்பிக்குப் போன் அடித்தாள். நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று ஒரு பெண் குரல் தன்மையாகச் சொன்னது.

சனிக்கிழமையும் குண்டு விழுந்தது. ஞாயிற்றுக்கிழமையும் விழுந்தது. கை தூக்கிய நாடுகள் எல்லாம் நிறுத்தும்படிக் கேட்டுக்கொண்டன. கேட்டுக்கொண்டன, அவ்வளவுதான். சுடுகிறவர்கள் அந்த அறையில் கையே தூக்கவில்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. பதாகை அலமாரியிலிருந்து வெளியே வந்தது, தொண்ணூற்று நான்கு செருகப்பட்டது.

திங்கட்கிழமை கடையின் முதலாளியம்மா, இந்த நாட்டுக்காரி, கை நிறையப் பூங்கொத்தோடு வந்து நின்றாள். "உங்க ஊர்ல போர் நின்னுடுச்சாமே! செய்தியில பார்த்ததும் உன்னைத்தான் நினைச்சேன்" என்று தன் மொழியில் சொன்னாள். நல்ல மனுஷி. வேறு யாருக்கும் தோன்றாதது அவளுக்குத் தோன்றியிருக்கிறது. நிற்கவில்லை என்று சொல்லத் தையலக்கா வாயெடுத்தாள். சொன்னால் அந்த முகம் வாடும், ஏன் என்று கேட்பாள், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "ரொம்ப நன்றி" என்று சொல்லிப் பூவை வாங்கி, நூல் டப்பாவில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அதன்பிறகு செய்தியில் ஊரைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. இந்த நாட்டைப் பொறுத்தவரை அது வெள்ளிக்கிழமையோடு முடிந்துபோன விஷயம்.

நேற்று, புதன்கிழமை, சாப்பாட்டு நேரத்தில் தெரியாத எண் ஒன்று கூப்பிட்டது. தையலக்கா எழுந்த வேகத்தில் முக்காலி விழுந்தது. பக்கத்து வீட்டு டீச்சர். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து முகாமிலிருந்து, யாரிடமோ போன் வாங்கிப் பேசினாள்.

"நாங்க வந்து சேர்ந்துட்டோம்மா. வழியில ஒண்ணும் ஆகல. தம்பி உங்ககிட்டப் பேசினாரா?"

"இல்ல டீச்சர். ஒரு வாரமா லைனே கிடைக்கல. உங்ககூட வரலயா அவன்?"

டீச்சர் சொன்னாள். "பையெல்லாம் ஏத்திட்டாரும்மா. குட்டியத் தூக்கி என் மடியில வச்சாச்சு. அப்புறம் என்ன நினைச்சாரோ, மறுபடி இறக்கிட்டாரு. எங்க அக்கா சொல்லிட்டாங்க, நாளைக்கு நிக்குமாம், நீங்களும் இறங்குங்க டீச்சர்னு எங்களையும் கூப்பிட்டாரு." குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. கடைக்குப் போனார், வந்தார் என்பதுபோலச் சொன்னாள். "அன்னிக்குச் சாயங்காலம் நம்ம தெருப் பக்கம் ரொம்ப விழுந்துச்சுன்னு பின்னால வந்தவங்க சொன்னாங்க. யாருக்கு என்னன்னு சரியாத் தெரியல. தெரியாததை நான் எப்படிச் சொல்ல."

இதைத் தையலக்கா யாரிடமும் சொல்லவில்லை. கணவன் கேட்டதற்கு, "லைன் கிடைக்கல" என்றாள். டவர் போயிருக்கும் என்று அவன் ஆறுதல் சொன்னான். அவள் தலையாட்டினாள். படுத்தால் டீச்சரின் மடிதான் கண்முன்னால் வந்தது. மடியில் வைத்த பிள்ளையைத் தன் ஒரு வார்த்தை இவ்வளவு தூரத்திலிருந்து கை நீட்டி இறக்கியிருக்கிறது. நிச்சயம் என்று எதற்காகச் சொன்னேன், யாரைக் கேட்டுச் சொன்னேன் என்று அந்த நாக்கையே அறுத்துப் போடவேண்டும்போல இருந்தது.

"குண்டூசி குத்தினாலும் போதும்க்கா" என்றார், மேஜைக்கு எதிரில் இன்னும் நின்றுகொண்டிருந்த தலைவர். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலைக்கு நடுவில் தொந்தரவு பண்ணிவிட்டோமென்று நினைத்தார்போல. "ஒரு அட்டைதானே."

"குண்டூசி காத்துக்கு நிக்காது. வச்சுட்டுப் போங்க, தைச்சுக் கொண்டாறேன்."

"அடுத்த வாரம் இன்னொரு சபை கூடுதுக்கா. இது அதைவிடப் பெரிசு. இந்தத் தடவை நிச்சயமா..."

"அப்படிச் சொல்லாதீங்க."

"என்னக்கா?"

"நிச்சயம்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்றாள் தையலக்கா. குரல் உயரவில்லை. "நம்பிடப்போறாங்க."

தலைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

மாப்பிள்ளையின் கோட்டை ஓரமாக வைத்துவிட்டு அவள் பதாகையை விரித்தாள். நூறு நாள் காற்றிலும் மழையிலும் நின்ற துணி, துவைத்தும் ஓரங்கள் சாம்பலாகியிருந்தன. மூன்றாவது பாக்கெட்டுக்கு இடம் வேண்டுமென்றால் 'நாள்' என்ற சொல்லை நகர்த்தவேண்டும். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் ஒவ்வொரு இழையாக அறுத்தாள். கறுப்பு எழுத்துகள் கையோடு வந்தன. வெள்ளையில் அவற்றின் வடிவம் ஊசித் துளைகளாக அப்படியே இருந்தது. சொல்லை இடதுபக்க ஓரத்துக்கு, இனிமேல் நகர்த்த முடியாது என்ற இடத்துக்குத் தள்ளி வைத்துத் தைத்தாள். பிளாஸ்டிக்கை வெட்டி, மூன்றாவது பாக்கெட்டை இரண்டின் பக்கத்தில் பொருத்திப் பார்த்தாள். அதற்கு அப்பாலும் நான்கு விரல் இடம் மிச்சமிருந்தது. அதை அடைக்காமல் விட்டாள்.

போன் எதிரில், மெஷின் பலகைமேல் இருந்தது. அங்கே வைக்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். மெஷின் ஓடினால் பலகை அதிரும், பலகை அதிர்ந்தால் போனும் அதிரும். இந்த ஒரு வாரத்தில் எத்தனை தடவை ஏமாந்திருக்கிறாள். எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம். மடியில் எதையும் வைத்துக்கொள்ள மனசு வரவில்லை.

பாக்கெட்டின் முதல் பக்கத்துக்கு மிதியை அழுத்தினாள். போன் அதிர்ந்தது. காலை எடுத்தாள். போன் அடங்கியது. திரை இருட்டாகத்தான் இருந்தது. மறுபடி அழுத்தினாள். மெஷின்தான், மெஷின்தான் என்று சொல்லிக்கொண்டே தைத்தாள். ஒரு சாண் நீளம் போவதற்குள் அது மறுபடி நடுங்கி, பலகையில் இம்மியளவு அவள் பக்கம் நகர்ந்தது. காலை எடுத்தாள். ஒரு பாக்கெட்டுக்குத் தைப்பது மூன்றே பக்கம்தான், மேல்பக்கம் திறந்தே இருக்கும். அந்த மூன்று பக்கம் முடிவதற்குள் தையலக்கா பதினொரு தடவை நிறுத்தினாள்.