மூன்று மீட்டர் முன்னப்பின்ன

கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் அந்த மனிதரைத் தெருவே நொடிக்காரர் என்றுதான் கூப்பிடும். 'ஏறக்குறைய' என்ற சொல் அவருக்கு வேப்பங்காய். மணி கேட்டவனிடம் நொடிக்கணக்கை விளக்கி விளக்கி, அவனைப் பேருந்தைத் தவறவிட வைத்த புண்ணியவான்.

அப்படிப்பட்டவருடைய மனைவிக்கு, காட்டில் டப்பா ஒளித்து விளையாடும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. ஒருவர் டப்பாவை ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தருவார். இன்னொருவர் ஜிபிஎஸ் கருவியோடு போய்த் தேடுவார். ஒரு திங்கட்கிழமை காலை அவள் எண்கள் எழுதிய சீட்டை அவருடைய மேசையில், பல்சக்கரங்களுக்கு நடுவே வைத்தாள்.

"டப்பாவுல ரெண்டு ரயில் டிக்கெட் இருக்கு. எந்த ஊருக்குன்னு சொல்ல மாட்டேன். சனிக்கிழமை காலையில வண்டி. வெள்ளிக்குள்ள கண்டுபிடிச்சா நாம போறோம். இல்லேன்னா நானே எடுத்துக்கிட்டு அக்காவோட போறேன்."

முப்பது வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் கடையை மூடியதில்லை. அதற்காக மனைவியோடு ஊர் போக ஆசையில்லை என்று அர்த்தமா? உள்ளுக்குள் துள்ளினார். அவளுடைய அக்காவை நினைத்ததும் துள்ளல் வைராக்கியமாகிவிட்டது.

அவரிடம் இருந்தது, பேசுவதற்கே மக்கர் பண்ணும் பழைய பட்டன் போன். ஆகவே மலையேறுகிறவர்களுக்குச் சாமான் விற்கும் கடைக்குப் போனார். விற்பனைப் பெண் மூன்று கருவிகளை எடுத்துப் பரப்பினாள். முதலாவது தொடுதிரை, கடிகார வேலைக்குப் போட்ட கையுறையைக் கழற்றாத அவர் விரலை அது மதிக்கவேயில்லை. இரண்டாவதைக் கடிகாரம்போல மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம். தொழில் துரோகம் என்று தள்ளிவைத்தார். மூன்றாவது, பட்டன் வைத்த தடித்த மஞ்சள் கருவி. அழுத்தினால் 'டிக்' என்றது. மனசு கொஞ்சம் இளகியது.

"எவ்வளவு சரியா காட்டும்?"

"மூணு மீட்டர் முன்னப்பின்ன இருக்கும் சார்."

"மூணு மீட்டரா! அதுக்குள்ள ஒரு குடும்பமே குடித்தனம் பண்ணலாமேம்மா!"

"எல்லாமே அப்படித்தான் சார்."

நம்பாமல் செவ்வாய் போனார், புதன் போனார். வியாழக்கிழமை மூன்றையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடை வாசலில் அரை மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றார். அவர்தான் நின்றார், திரையில் அவர் இருக்கும் இடம் மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. விற்பனைப் பெண் காலில் விழாத குறை. வெள்ளி மதியம் வேறு வழியில்லாமல் மஞ்சளை வாங்கிக்கொண்டு காட்டுக்கு ஓடினார். வேடிக்கை பார்க்க மனைவியும் பிளாஸ்க்கோடு பின்னால் போனாள்.

கருவி அவரை ஒரு முள்புதருக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. ஆனால் சீட்டிலிருந்த எண்ணுக்கும் திரையிலிருந்த எண்ணுக்கும் கடைசி இலக்கம் ஒத்துப்போகவில்லை. இடப்பக்கம் ஓர் அடி வைத்தார், ஏறியது. வலப்பக்கம் ஓர் அடி, இறங்கியது. ஒரு மணி நேரம் இதே ஆட்டம். பாறையில் உட்கார்ந்திருந்த மனைவி பிளாஸ்க்கையே காலி செய்துவிட்டாள்.

"ஏங்க, அந்த மரத்தடியில சிவப்பா ஒண்ணு தெரியுதே, பார்க்கலையா?"

"வந்த உடனேயே பார்த்துட்டேன்."

"பின்ன எடுக்கறதுதானே?"

"அது எப்படி? ரெண்டரை மீட்டர் தள்ளில்ல இருக்கு! கணக்குப்படி டப்பா இந்த முள்ளுக்குள்ளதான் இருக்கணும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நிதானமாகப் பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"அக்கா, துணிமணியெல்லாம் எடுத்து வை..."

அவ்வளவுதான். கருவி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் பறக்க, நொடிக்காரர் பாய்ந்து சிவப்பு டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டார். உள்ளே டிக்கெட்டுகள் பத்திரமாக இருந்தன. கடற்கரை ஊர், ஏழு நாள், போகவரச் சேர்த்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அவளோ போனைப் பையில் போட்டாள். அக்காவின் எண்ணை அவள் அழுத்தியிருக்கவே இல்லை.

"வண்டி லேட்டா வந்தா மூஞ்சியைத் தூக்கக் கூடாது."

"வந்தா போதும்மா."

மறுநாள் விடியலில், 'ஏழு நாள் கழித்துக் கடை திறக்கும்' என்று ஓர் அட்டை கதவில் தொங்கியது. பெட்டியோடு தெருமுனை வரை போனவர் என்ன நினைத்தாரோ, மனைவியை நிற்கச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவந்தார். பேனாவை எடுத்து, அட்டையின் அடியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தார்: ஏறக்குறைய.