ரிமோட் வேலை செய்யாத தெரு

சாவியக்காவுக்குத் திட்டு வாங்குவது புதிதல்ல. சாவியைத் தொலைத்தவர்கள் தங்கள் மேலுள்ள கோபத்தையெல்லாம் அவள் தலையில்தான் இறக்குவார்கள். அதை அவள் காதோடு விட்டுவிடுவாள். ஆனால் அவள் செய்து கொடுத்த சாவி வேலை செய்யவில்லை என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் அன்றைக்குச் சோறு இறங்காது. அதைத்தான் நர்ஸம்மா காலையிலேயே ஃபோனில் சொன்னாள்.

"அக்கா, போன வாரம் நீங்க செஞ்சு குடுத்த ரிமோட்டும் செத்துப்போச்சு. அமுக்கி அமுக்கி விரல்தான் வலிக்குது."

"என்கிட்ட வாங்கும்போது நல்லாத்தானேம்மா கதவு திறந்துச்சு?"

"திறந்துச்சு. உங்க கடைவாசல்ல திறந்துச்சு. எங்க வீட்டு வாசல்ல திறக்க மாட்டேங்குது. பழைய சாவியைச் சட்டைப்பையோட வாஷிங் மெஷின்ல போட்டது நான்தானாம், புதுசையும் நான்தான் ஏதோ பண்ணியிருப்பேனாம். ரெண்டு நாளா எங்க வீட்டுக்காரரு என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை."

கடைவாசலில் திறக்கிறது, வீட்டு வாசலில் திறக்கவில்லை. சாவியக்கா அந்தப் பேச்சை மனத்துக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். சாவிக்கு இடம் பார்த்து வேலை செய்யத் தெரியுமா என்ன?

நர்ஸம்மாவின் தெருவில் வேனை நிறுத்தி இறங்கினாள். உள்ளே சாவி வெட்டும் இயந்திரம், லேப்டாப், இழுப்பறை நிறைய வெற்றுச் சாவிகள் என்று அவளுடைய பிழைப்பே அந்த வேனுக்குள்தான் இருந்தது. பழக்கதோஷத்தில் திரும்பிப் பார்க்காமலேயே தன் ரிமோட்டை அமுக்கிவிட்டு நடந்தாள். வழக்கமாக முதுகுக்குப் பின்னால் கேட்கும் 'டிக்' கேட்கவில்லை. நின்றாள். மறுபடி அமுக்கினாள். வேன் குத்துக்கல்லாக நின்றது.

"அட!" என்றாள் வாய்விட்டு. காலையிலிருந்து இருந்த கவலை போய், அந்த இடத்தில் ஆர்வம் வந்து உட்கார்ந்துகொண்டது.

வேனைச் சாவி போட்டுத் திருகிப் பூட்டிவிட்டு, நர்ஸம்மாவின் புது ரிமோட்டையும், மெஷினில் சுழன்று வந்த பழையதையும் வாங்கிக்கொண்டாள். காரைத் தெருமுனைக்கு ஓட்டிவரச் சொன்னாள். அங்கே புதியதை அமுக்கினாள், திறந்தது. பழையதற்கு வேறு பேட்டரி போட்டு அமுக்கினாள், அதுவும் திறந்தது. நர்ஸம்மாவின் கணவர் பார்த்துக்கொண்டே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"சாவி ரெண்டும் தங்கம் சார். தெருவுலதான் ஏதோ இருக்கு" என்றாள் சாவியக்கா.

"என் வண்டியும் அப்படித்தாங்க!" என்று எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் மாஸ்டர். "ரெண்டு தடவை பேட்டரி மாத்திட்டேன். மாணவங்க முன்னாடி என் வண்டிக் கதவை என்னாலயே திறக்க முடியலைன்னா என்ன மரியாதை? யாரோ வேணும்னே பண்றாங்க. கார் திருட்டுக் கூட்டமா இருக்கும்."

சாவியக்கா வேனிலிருந்து உள்ளங்கையளவு பெட்டி ஒன்றை எடுத்து வந்தாள். ரிமோட்டை அதன் பக்கத்தில் வைத்து அமுக்கினால் விளக்கு எரியும். அலை வருகிறதா என்று பார்க்கும் கருவி. இப்போது யாரும் எதையும் அமுக்கவில்லை. விளக்கு எரிந்தது. அணையவும் இல்லை.

"யாரோ விடாம கத்திக்கிட்டே இருக்காங்க" என்றாள். "அந்தச் சத்தத்துல நம்ம சாவி பேசுறது வண்டிக்குக் கேக்கலை."

பெட்டியை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு பக்கம் போனால் வெளிச்சம் மங்கியது, மறுபக்கம் திரும்பினால் கூடியது. பின்னாலேயே நர்ஸம்மா, அவள் பின்னால் கணவர், அவருக்கும் பின்னால் மாஸ்டர். கடைசியில் ஒரு தையல் கடையின் முன்னால் விளக்கு பளிச்சென்று நின்றது. கீழே கடை, மேலே வீடு.

உள்ளே தையற்காரர் குனிந்து ஒரு கோட்டுக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதற்கு நிமிரவில்லை. நிழல் விழுந்ததும்தான் பார்த்தார். காதைத் தொட்டு, கையை ஆட்டினார். பிறகு தையல் சாக்கட்டியை எடுத்து வெட்டு மேசையில் விரித்திருந்த கறுப்புத் துணியில், 'எனக்குக் கேட்காது. என்ன வேண்டும்?' என்று எழுதி, கட்டியை அவளிடம் நீட்டினார்.

சாவியக்கா பேச வாயெடுக்கவில்லை, எழுதக் கையெடுத்தாள். அதற்குள் அவள் கண் தையல் இயந்திரத்தின் ஓரத்தில் இருந்த சிவப்பு விளக்கின் மேல் விழுந்தது. அதிலிருந்து ஒரு கம்பி சின்ன ஆண்டெனா போல நீட்டிக்கொண்டிருந்தது. 'இது என்ன?' என்று எழுதினாள்.

தையற்காரரின் முகம் மலர்ந்தது. கையைப் பிடிக்காத குறையாக மாடிக்கு அழைத்துப்போனார். தொட்டிலில் ஒரு குழந்தை தன் கால் கட்டைவிரலை வாய்க்குள் கொண்டுபோகும் முயற்சியில் இருந்தது. தொட்டிலுக்கு மேலே சோப்பு டப்பாவுக்குள் அடக்கிய ஒரு கருவி, ஒலிவாங்கியோடு. மனைவி மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அவர்தான் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். அது அழுதால் கீழே விளக்கு எரியும் என்று சைகையில் காட்டினார்.

"அப்ப அழுதாத்தானே அலை வரணும்? இது எப்பவும் வருதே" என்று சாவியக்கா முணுமுணுத்தாள். கேள்வியை எழுதியும் காட்டினாள்.

அவர் சுவரிலேயே எழுதினார். 'தலைகீழ். குழந்தை அமைதியாக இருக்கும்வரை அலை போகும். அழுதால் நிற்கும். நின்றால் விளக்கு. பெட்டி கெட்டாலும் நிற்கும். கரண்ட் போனாலும் நிற்கும், விளக்குக்குத் தனி பேட்டரி. அப்போதும் நான் ஓடி வருவேன்.'

சாவியக்கா அதைப் படித்துவிட்டு அந்தச் சோப்பு டப்பாவை எட்டிப் பார்த்தாள். "யப்பா, என்ன மூளைய்யா" என்றாள். அவருக்குக் கேட்காவிட்டாலும் புரிந்தது.

மாஸ்டர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். "இதுதானா? பிடுங்கிப் போடுங்க முதல்ல!"

"பிடுங்கிட்டு? பிள்ளை அழுதா நீங்க வந்து சொல்வீங்களா?" என்றாள் சாவியக்கா.

மாஸ்டர் குழந்தையைப் பார்த்தார். குழந்தை விரலை விட்டுவிட்டு அவர் மீசையைப் பார்த்துச் சிரித்தது. அதற்குமேல் அவரால் உறுமிக்கொண்டிருக்க முடியவில்லை.

வேனில் கார்க் கதவுப் பூட்டுகளுக்குப் போடும் ஒயர் ஒரு சுருள் கிடந்தது. சாவியக்கா சுவரில் படம் வரைந்து காட்டினாள்: அலை வேண்டாம், அதற்குப் பதில் இந்த ஒயர், அவருடைய தலைகீழ் ஏற்பாடு அப்படியே இருக்கும், ஒயர் அறுந்தாலும் விளக்கு எரியும். தையற்காரர் படத்தை முறைத்துப் பார்த்தார். ஒரு கோட்டை அழித்து வேறு இடத்தில் போட்டார். அவர் போட்டதுதான் சரி. சாவியக்கா தலையாட்டினாள்.

ஒயரை மாடி சன்னலிலிருந்து மழைநீர்க் குழாயை ஒட்டிக் கீழே இறக்கினார்கள். ஏணியைப் பிடித்தவர் மாஸ்டர். "மெதுவா... இடது பக்கம் பாருங்க... அவசரப்படாதீங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருக்க, ஏணிமேல் நின்ற நர்ஸம்மாவின் கணவர், "சார், நான் லைசென்ஸ் எடுத்து ரொம்ப வருசமாச்சு" என்றார். நர்ஸம்மா சிரித்துவிட்டாள். மேலிருந்து அவரும் அவளைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு சிரித்தார்.

எல்லாம் மாட்டியாயிற்று. இனிக் குழந்தை அழ வேண்டும். அதற்கோ வீடு நிறைய ஆட்களைப் பார்த்ததில் ஒரே குஷி. மாஸ்டர் கண்ணை உருட்டினார், கெக்கலித்தது. நர்ஸம்மா மருத்துவமனை முகத்தை வைத்துக்கொண்டாள், கையை நீட்டியது. யாருக்கும் அதைக் கிள்ள மனம் வரவில்லை. சரி, வேலையைப் பார்ப்போம் என்று எல்லோரும் கீழே இறங்கிப் போன பிறகு, தனியாக விட்டுவிட்டார்களே என்று வீறிட்டது பாருங்கள், கீழே சிவப்பு விளக்கு பளீரென்று எரிந்தது. தையற்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடினார்.

தெருவில் நர்ஸம்மா ரிமோட்டை அமுக்கினாள். கார் கண்ணைச் சிமிட்டியது. மாஸ்டர் தன் வண்டியைத் திறந்தார், பூட்டினார், திறந்தார், பூட்டினார். மாணவர் யாரும் பக்கத்தில் இல்லையே என்பதுதான் அவருக்குக் குறை.

சாவியக்கா சொல்லிக்கொள்ளக் கடைக்குள் போனபோது, தையற்காரர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேசையில் எழுதி வைத்துக் காத்திருந்தார். 'இத்தனை கார் இருக்கும் தெருவில் ஒரு சாவி தன் காரை மட்டும் எப்படித் திறக்கிறது?'

அவளுடைய ஃபோன் அடித்தது. காருக்குள்ளேயே சாவியை வைத்துப் பூட்டிவிட்ட யாரோ எங்கேயோ காத்துக்கொண்டிருந்தார். "வந்துடறேன் சார், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, வேனிலிருந்து ஒரு பழைய ரிமோட்டை எடுத்து வந்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தையற்காரர் தையல் பிரிக்கும் ஊசியால் அதன் மூடியை நெம்பினார். குழந்தை உட்பட மூன்று தலைகளும் அதற்குள் என்ன இருக்கிறதென்று குனிந்தன.