தோற்க வேண்டிய நிரல்

காலை ஒன்பது மணிக்குத் திரையில் வேகம் முப்பத்தெட்டு சதவீதம் கூடுதல் என்று வந்ததும் அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேவிட்டான். அவன் மனைவி எழவில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இருங்க, கெட்டதையும் ஓட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

ஒரே ஆய்வுக்கூடத்தில் அடுத்தடுத்த மேசை இருவருக்கும். இன்னும் செய்யப்படாத ஒரு கணினியை இருப்பதாகப் பாவித்து ஓட்டிக் காட்டும் மென்பொருள் அவன் எழுதியது. அந்தக் கணினிக்கு இரண்டு வகை நினைவகம் வேண்டும் என்பது அவளுடைய மூன்று வருட யோசனை. ஒன்று சின்னது, வேகமானது. அடுப்புப் பக்கத்தில் கைக்கெட்டும் டப்பாக்கள் மாதிரி. மற்றது பெரியது, மெதுவானது, பரண் மாதிரி. எதை எப்போது பரணிலிருந்து இறக்குவது, எதை ஏற்றுவது என்று கணினியே தீர்மானிக்க அவள் ஒரு வழி கண்டிருந்தாள். பத்து சதவீதமாவது வேகம் கூடினால் சிப்பைச் செய்து பார்க்கலாம், இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. மூன்று மணிக்குக் கூட்டம்.

'கெட்டது' என்பது அவளே எழுதி வைத்திருந்த குட்டி நிரல். இறக்கிய சாமானை உடனே ஏற்றச் சொல்லும், ஏற்றியதை உடனே இறக்கச் சொல்லும். அதில் அவளுடைய முறை மண்ணைக் கவ்வியே ஆக வேண்டும். தன் பிள்ளை தோற்கிற பந்தயத்தைத் தேடிப்பிடித்து வைத்திருப்பவளை அவன் வேறெங்கும் பார்த்ததில்லை.

இருபது நிமிடத்தில் முடிவு வந்தது. அதிலும் ஜெயித்திருந்தது.

"என்னங்க" என்றாள். அலுவலகத்தில் அப்படிக் கூப்பிடுவதில்லை என்ற ஒப்பந்தமெல்லாம் பறந்துவிட்டது. "உங்க கணினியில பரணுக்கு ஏணி ஏற நேரமே ஆகலையே."

அவன் தன் மென்பொருளைத் திறந்து பார்த்தான். போன மாதம் வேறொரு கோளாறைத் தேடும்போது, இடம் மாற்ற ஆகும் நேரத்தை 'இப்போதைக்கு' என்று பூஜ்யமாக்கியவன் அவன்தான். திருப்பி வைக்க மறந்திருந்தான்.

"என்னத் திட்டிடேன்."

"வீட்டுக்குப் போய் ஆற அமரத் திட்டுறேன். இப்ப சரி பண்ணுங்க."

"கூட்டத்துல பழசையே சொல்லிட்டு, அப்புறம் திருத்திக்கலாமா?" கேட்ட மாத்திரத்தில் அவனுக்கே கூசியது.

"அத நம்பி ஆறு பேரு ரெண்டு வருஷம் உழைப்பாங்க. சிப்பு வந்ததும் அதுவே சொல்லிடும், பொய்யின்னு."

திருத்தியதும் கெட்ட நிரல் படுதோல்வி அடைந்தது. "அப்பாடா" என்று அவள் சிரித்தாள். தோற்றதற்கு இப்படி முகம் மலர்கிற ஒருத்தியோடுதான் பதினொரு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறோம் என்று நினைக்க அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. வெட்கமாகவும் இருந்தது.

பிறகு பெரிய ஓட்டத்தை மறுபடி தொடங்கினார்கள். அந்தக் கணினியின் ஒரு வினாடியை ஓட்ட நிஜக் கணினிக்குப் பத்து மணி நேரம் பிடிக்கும். மூன்று மணிக்குள் அரை வினாடிதான் தேறும். எண் பதினான்கில் தொடங்கி ஒன்பதுக்கு விழுந்து பதினொன்றுக்கு ஏறியது. இருவருமே மதியம் சாப்பிடவில்லை.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் கூட்டத்தில் காட்டவிருந்த அறிக்கையில் முப்பத்தெட்டை அழித்துவிட்டு, 'இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது' என்று எழுதினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கூட்ட அறைக்குள் போனாள்.

கண்ணாடிச் சுவருக்கு இப்பால் தன் மேசையில் இருந்த அவனுக்குப் பேச்சு கேட்கவில்லை. நீள மேசையைச் சுற்றி இருந்தவர்கள் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அதில் ஒரு ஏணி வரைந்து, ஒவ்வொரு படியாக எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவன் திரையில் பதினொன்று பத்தாகி, அங்கேயே நின்றது.