தாண்டிப் போன மொத வீடியோ

விழுப்புரத்துல காலைல ரயில் ஏறுனா திண்டிவனம் எறங்கற வரைக்கும் அமலாவுக்குப் பள்ளிக்கூடம் அந்த போனுதான். திண்டிவனத்துல ஒரு காலேஜுல கெமிஸ்ட்ரி சொல்லித்தர்ற கெஸ்ட் லெக்சரரு அவ. ஊரு புள்ளைங்களுக்கெல்லாம் பாடம் நடத்தறவ, தனக்குத் தெரியாதத மட்டும் ஜன்னலோரம் குந்திக்கினு போன்ல கத்துக்கினு வந்தா.

இன்னா பாடம்னா, பி.எச்டி.க்காக அவ ஒரு புதுப் பொருளு செஞ்சி வச்சிருந்தா. அது உள்ளார எப்பிடி இருக்குதுன்னு படம் காட்டணும். அதுக்கு அத்தக் கல்கண்டு மாதிரி கிறிஸ்டலா வளத்து, ஒரு துளி கிறிஸ்டல் மேல எக்ஸ்ரே உடணும். எக்ஸ்ரே செதறி புள்ளி புள்ளியா உழும். அந்தப் புள்ளிங்கள வச்சிக் கணக்குப் போட்டா எந்த அணு எங்க குந்தியிருக்குதுன்னு தெரிஞ்சிபோவும். "அந்தப் படம் இல்லாம தீசிஸ எங்கிட்ட எடுத்தாராதம்மா"ன்னுட்டாரு கைடு கிருஷ்ணசாமி. தீசிஸ் குடுக்க எக்ஸ்டென்ஷன் வாங்குனது இந்த மாசத்தோட தீருது. அதோட இத்தினி வருஷம் பட்ட பாடெல்லாம் குப்பைக்குத்தான்.

காலேஜுல இத்தச் சொல்லித்தர ஆளு கெடையாது. வடக்க ஒரு ப்ரொபசரு சும்மாவே போட்டு வச்சிருக்கிற வீடியோங்க, வெளிநாட்டுல யாரோ எறக்கிக்கோன்னு உட்டிருக்கிற சின்னச் சின்ன புஸ்தகம், கணக்குப் போட்டுப் பழக பழைய டேட்டா, இவ்ளோதான் அவளுக்கு வாத்தியாரு. முண்டியம்பாக்கம் வரைக்கும் வீடியோ ஒழுங்கா ஓடும், பேரணி ஸ்டேஷன் கிட்ட வந்தா சிக்னலு இல்லாம சுத்திக்கினே நிக்கும். அதுக்குள்ள தூக்கம் வந்து கண்ணக் கட்டும். அந்த வீடியோங்கள்ல மொத ஒண்ணு கிறிஸ்டல் வளக்கறதப் பத்தி. அத்த மட்டும் அவ தொறக்கவே இல்ல. எம்.எஸ்சி. படிச்சவளுக்கு இத்தயா சொல்லித்தரணும்னு நேரா ரெண்டாவதுக்குத் தாண்டிப் போய்ட்டா.

கிறிஸ்டலு என்னமோ நல்லாத்தான் வந்துது. மஞ்சளா, கண்ணாடி மாதிரி. வடிகட்டி எடுத்து, புதுச்சேரில எக்ஸ்ரே மெஷின் ஓட்டற சன்மதிக்கு அனுப்பி வச்சா. சன்மதி செஞ்சிப் பக்கத்துப் பொண்ணு, இவகூடப் படிச்சவ. அந்த வீடியோங்களப் பாருன்னு சொன்னதே அவதான்.

புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டு டப்பாவத் தொறக்கங்காட்டியும் சன்மதி போன் பண்ணா.

"இன்னாடி, கிறிஸ்டல் அனுப்பறேன்னுட்டு கோலமாவு அனுப்பியிருக்கற?"

"வெளாடாத சன்மதி. கண்ணாடி மாதிரி இருந்துதுடி."

"இருந்துது. இப்ப வெள்ளையா உதுருது. அத்த இன்னா பண்ண?"

"இன்னா பண்ணுவேன்? பில்டர் பேப்பர்ல ஒத்தி, நல்லாக் காயவச்சித்தான் அனுப்பனேன்."

"காயவச்சியா! பி.எஸ்சி. பிராக்டிகல்னு நெனச்சிக்கினியா? உள்ள ஈரம் இருந்ததுனாலதான் அது கிறிஸ்டலா நின்னுக்கினு இருந்துது. ஈரம் போனா எல்லாம் சரிஞ்சிடும். வளந்த தண்ணியோடவே அனுப்பணும்டி. அந்த ப்ரொபசரு மொத வீடியோலயே சொல்றாரே, பாக்கல?"

"அத்தத் தாண்டிப் போய்ட்டேன்டி"ன்னா அமலா.

"கேளு. வெள்ளிக்கிழமை மெஷின சர்வீசுக்கு நிறுத்தறாங்க. நாளைக்குக் கொண்டாந்தா போட்டுத் தர்றேன். உட்டா அடுத்த மாசம்தான்."

புதுசா வளக்க நாலஞ்சி நாளாவது ஆவும். அழறதுக்குக்கூட தெம்பில்ல அவளுக்கு. அப்பத்தான் ஞாபகம் வந்துது, திங்கக்கிழமை வடிகட்டுன தண்ணிய பீக்கரோட லேப் தொட்டில போட்டது. ஒரு பீக்கர் அழுக்கா இருந்தாலும் அவளுக்கு ஆவாது. அன்னிக்கும் ஒடனே கழுவி வைக்கச் சொல்லி லேப் அட்டெண்டர் அம்சாகிட்ட கத்திட்டுத்தான் போயிருந்தா.

சாப்பாட்ட அப்பிடியே உட்டுட்டு ஓடுனா. "அம்சாக்கா, தொட்டில கெடந்த பீக்கருங்கள..."

"எம்மா, வந்ததும் வராததுமா ஆரம்பிக்காத. கழுவல! மோட்டாரு பொகைஞ்சி போயி திங்கக்கெழமலேர்ந்து தண்ணி வர்ல. எச்சி தொட்டா கழுவறது நானு?"

தொட்டில குனிஞ்சி ஒவ்வொண்ணாப் பாத்தா. ஒரு பீக்கர் அடியில கொஞ்சூண்டு தண்ணி. அதுல, கரைஞ்சி மிச்சமிருந்தது தானா வளந்து, மஞ்சக் கல்லுங்க நாலஞ்சி மின்னிக்கினு கெடந்துது.

அவ கையி தன்னால பில்டர் பேப்பரத் தேடிப் போச்சு. பழக்க தோஷம். பாதில கைய இழுத்துக்கினா.

"இன்னாம்மா, கழுவாத பீக்கரப் பாத்து சிரிக்கற?"ன்னா அம்சா.

"நீ கழுவாததுக்கு நல்லாரு அக்கா."

"இந்த லேப்புல இருந்தா எல்லாருக்கும் இப்பிடித்தான் ஆவுது"ன்னுட்டு அம்சா தொடப்பத்த எடுத்துக்கினு போய்ட்டா.

மறுநாள் லீவு சொல்லிட்டு விழுப்புரத்துல புதுச்சேரி பஸ் ஏறுனா. மடியில, அந்தக் கல்லுங்கள தண்ணியோடவே மாத்தி ஊத்துன ஒரு குட்டி பாட்டிலு. ஒரு கையால அத்தப் புடிச்சிக்கினு, இன்னொரு கையால மொத வீடியோவப் போட்டா. ப்ரொபசரு ஆரம்பத்துலயே சொல்லிட்டாரு, கிறிஸ்டலக் காயவைக்காதீங்கன்னு. அமலாவுக்குக் கோவமும் வர்ல, அழுகையும் வர்ல. கொட்டாவிதான் வந்துது.

சன்மதி தண்ணிக்குள்ளேர்ந்து ஒரு கல்ல, காயாம இருக்க எண்ணெய்ல முக்கி எடுத்து மெஷின்ல வச்சா. கொஞ்ச நேரத்துல ஸ்கிரீன்ல வரிசையா, அழகா புள்ளி உழுந்துது.

"கோலமாவு போயி புள்ளியே வந்துடுச்சிடி! டேட்டா சாயங்காலம் தந்துடறேன். கணக்குப் போட்டு படம் எடுக்கறது ஒம்பாடு. அதுக்கும் வீடியோ இருக்குது."

"எத்தினாவது?"

"ஏன், தாண்டிப் போவவா?"

"இல்லடி. ஒவ்வொண்ணாப் பாத்துக்கினு வர்றேன்"ன்னா அமலா. "மொதல்ல கொஞ்சம் தூங்கிக்கறேன்."

அந்த பிளாஸ்டிக் சேர்லயே செவுத்துல தல சாச்சிக்கினா. மெஷினு ம்முனு ஓடிக்கினு இருந்துது. ஸ்கிரீன்ல அவளுக்காவ ஒண்ணு பின்னால ஒண்ணா புள்ளி உழுந்துக்கினே இருந்துது.